பிலிப்பைன்ஸ் மனைவிக்கு எக்ஸ்-2 விசா: பெயர் வேறுபாட்டால் நிற்கும் விண்ணப்பம்

வணக்கம். நான் தூத்துக்குடியைச் சேர்ந்தவன். சென்ற ஆண்டு செபுவில் நான் மணந்துகொண்ட பிலிப்பைன்ஸ் நாட்டவரான என் மனைவியை ஊருக்கு அழைத்துவர, இந்தியரின் வாழ்க்கைத்துணைக்கு வழங்கப்படும் எக்ஸ்-2 விசாவுக்கு அவர் அங்கிருந்து விண்ணப்பித்தார். கணவர் பெயரில் வேறுபாடு உள்ளதாகக் கூறித் திருப்பி அனுப்பிவிட்டார்கள்.

நம்மில் பலரைப் போல எனக்கும் குடும்பப்பெயர் கிடையாது. பாஸ்போர்ட்டில் அந்தக் கட்டம் வெறுமையாக இருக்கிறது. அப்போஸ்டில் (ஆவணம் வெளிநாட்டில் ஏற்கப்படுவதற்கான அரசு முத்திரை) பெற்ற திருமணச் சான்றிதழிலோ அப்பாவின் பெயர் என் குடும்பப்பெயராக ஏறியிருக்கிறது. திருமணத்துக்கு முன் இந்தியத் தூதரகத்தில் வாங்கிய, மணம் செய்துகொள்ளத் தகுதியுண்டு என்னும் சான்றிதழில் பெயர் சரியாகவே உள்ளது.

செபு பதிவாளர் அலுவலகத்தில் திருத்தம் கேட்டதற்கு, மாதக்கணக்கில் ஆகும் என்றார்கள். இரண்டு பெயரும் ஒருவரையே குறிக்கும் என நோட்டரி முன் கையெழுத்திட்ட உறுதிமொழிப் பத்திரத்தை, அப்பாவின் பெயருள்ள பள்ளி மாற்றுச் சான்றிதழோடு அனுப்பியும் ஏற்கவில்லை. சுற்றுலா விசாவில் அழைத்துவரச் சிலர் சொல்கிறார்கள். இங்கேயே நிலையாக வாழப்போகிறவரை அப்படி அழைத்துவர எனக்கு மனமில்லை. அம்மா படுக்கையில் இருப்பதால் நான் அங்கே போகவும் இயலாது.

இதே சிக்கலைக் கடந்தவர்கள் சொல்லுங்கள்: அப்பாவின் பெயரைக் குடும்பப்பெயராகச் சேர்த்து என் பாஸ்போர்ட்டை மறுவெளியீடு செய்தால் போதுமா, திருமணச் சான்றிதழையே திருத்தியாக வேண்டுமா?