எவரெஸ்ட்டில் விழுந்தவர் படத்துக்கு இவ்வளவு கொண்டாட்டமா?

பனிப்பாறை:
பிடித்த ஸ்கீ (பனிச்சறுக்கு) படம் எது என்ற பேச்சில், 'த மேன் ஹூ ஸ்கீட் டவுன் எவரெஸ்ட்' படத்துக்கு மேல் ஒன்றுமில்லை, பின்னால் வந்ததெல்லாம் வெறும் விளம்பரம் என்று இங்கே 'பழைய ரீல்' என்பவர் நேற்று எழுதியிருந்தார். படித்ததிலிருந்து எரிச்சல் அடங்கவில்லை. 1970 மே 6 அன்று அந்தப் படத்தின் நாயகன், ஜப்பானின் யூச்சிரோ மியூரா, ஸ்கீயில் புறப்பட்ட இடம் உச்சிக்குக் கீழே இருக்கிற சவுத் கோல் கணவாய், சுமார் 8,000 மீட்டர். உச்சி இல்லை. வேகத்தைக் குறைக்க முதுகில் பாராசூட் வேறு. அதையும் விடுங்கள், கடைசியில் அவர் விழுந்தார். சுமார் 400 மீட்டர் பனியில் இழுபட்டுப் போய், பெரிய பனிப்பிளவுக்கு 76 மீட்டர் முன்னால் எப்படியோ நின்றார். விழுந்தவர் படத்தைத் தலையில் தூக்கி வைத்து ஆடுகிறீர்கள்.

பழைய ரீல்:
விழுந்ததை ஒளிக்காமல் காட்டியதால்தான் அது பெரிய படம். அந்த மலைச்சுவரில் ஒரு புள்ளியாக அவர் வழுக்கிப் போவதைப் பார்க்கும்போது, பிழைப்பாரா மாட்டாரா என்று மூச்சு நின்றுவிடும், பிழைத்தார் என்று முன்பே தெரிந்திருந்தாலும். மியூராவின் நாட்குறிப்பை டக்ளஸ் ரெயின் படிக்கிறார், '2001' படத்தில் கணினிக்குக் குரல் கொடுத்தவர். அந்தக் குரலையாவது நீங்கள் முழுதாகக் கேட்டீர்களா? 1975க்கான ஆஸ்கரைச் சும்மா கொடுக்கவில்லை.

பனிப்பாறை:
முழுதாகத்தான் பார்த்தேன். குரலைப் பற்றி நான் கேட்கவில்லை. விழுந்தாரா இல்லையா? அதற்குப் பதில் சொல்லுங்கள். 2000 அக்டோபரில் ஸ்லோவேனியாவின் டாவோ கர்னிச்சார் உச்சியிலிருந்து அடிவார முகாம் வரை ஸ்கீயைக் கழற்றாமலே இறங்கினார், ஐந்து மணி நேரத்துக்குள். அவர் பெயரை இங்கே எத்தனை பேர் சொன்னீர்கள்? 2025 செப்டம்பரில் போலந்தின் ஆந்த்ஷேய் பார்கியல் ஆக்சிஜன் சிலிண்டர் இல்லாமலே ஏறி, உச்சியிலிருந்து ஸ்கீயில் இறங்கி வந்துவிட்டார். நீங்கள் இன்னும் பாராசூட்டைப் பிடித்துத் தொங்கிக்கொண்டிருக்கிறீர்கள்.

சூரிச்காரன்:
அண்ணை, நீங்கள் ரெண்டு பேரும் எவரெஸ்ட்டை விட்டு இறங்க மாட்டீர்களா? ஸ்கீ படம் என்றால் 1988இல் வந்த 'பிளிசர்ட் ஆஃப் ஆஸ்'. ஸ்காட் ஷ்மிட், கிளென் பிளேக், மைக் ஹாட்ரப் மூன்று பேரும் பிரான்ஸின் ஷாமோனி மலைகளில் ஸ்கீயில் செய்ததைப் பார்த்துத்தான் ஒரு தலைமுறையே செங்குத்துச் சரிவுகளுக்குப் போனது. பிளேக்கின் அந்தச் சீப்புக் கொண்டைத் தலைமுடிக்கே படத்தைத் திரும்பப் பார்க்கலாம். அதற்குப் பிறகு 'மக்கான்கி'. இன்று எல்லோர் காலிலும் இருக்கிற அகலமான பவுடர் ஸ்கீக்கு (மெத்தென்ற புதுப் பனிக்கானது) வழி திறந்தவர் ஷேன் மக்கான்கி. 2009இல் இத்தாலியின் டோலமைட்ஸ் மலையில் ஸ்கீயோடு பாறை விளிம்பிலிருந்து பாராசூட்டில் குதித்தபோது ஸ்கீ நேரத்துக்குக் கழலவில்லை, அதோடு போய்விட்டார். நான் கடையில் பைண்டிங், அதாவது பூட்ஸை ஸ்கீயோடு பிடித்துவைக்கிற பூட்டு, பூட்டுகிறவன். குதிங்கால் பக்கத்துத் திருகைத் திருகும்போதெல்லாம் அவர் நினைவு வரும்.

பனிப்பாறை:
சூரிச்காரன், உங்கள் கடையைப் பற்றி யாரும் கேட்கவில்லை. போன குளிர்காலம் 'ஃப்ரீ சோலோ' பேச்சிலும் இப்படித்தான் நடுவில் புகுந்து பைண்டிங் பாடம் எடுத்தீர்கள். கயிறே இல்லாமல் ஏறுகிற படத்தில் பைண்டிங்குக்கு என்ன வேலை? நான் கேட்டது ஒன்றே ஒன்று. மியூரா விழுந்தார்.

சூரிச்காரன்:
அப்போது பைண்டிங் பற்றிக் கேட்டது வேறொருவர், அவருக்குத்தான் பதில் சொன்னேன். எல்லாவற்றையும் உங்களைப் பார்த்துச் சொன்னதாக எடுத்துக்கொள்ளாதீர்கள்.

குல்மார்க் ரசிகன்:
விழுந்தார் விழுந்தார் என்று ஜபிக்கிறீர்களே, அந்தப் பயணத்தில் எவரெஸ்ட் ஏறும் வழியில் இருக்கிற கும்பு பனியருவியில் செத்துப்போன ஆறு ஷெர்ப்பாக்களைப் (மலைப் பயணத்தில் வேலை செய்த உள்ளூர்க்காரர்கள்) பற்றி ரெண்டு பேரும் ஒரு வரி எழுதவில்லை. ஒருவர் ரெண்டு நிமிடம் இருபது வினாடி சறுக்குவதற்காக ஆறு பேர். எனக்கு அந்தப் படம் வேண்டாம். ஜெனிஃபர் பீடம் எடுத்த 'ஷெர்ப்பா' பாருங்கள். 2014 ஏப்ரலில் அதே பனியருவியில் 16 பேர் செத்தபோது கேமராவோடு அங்கேயே இருந்தார்கள்.

பழைய ரீல்:
ஆறு பேர் சாவும் நான் சொன்ன படத்துக்குள்ளேயே இருக்கிறது. இந்தப் பயணத்தைத் தொடரலாமா என்று மியூரா தன்னையே கேட்டுக்கொள்கிறார். பார்க்காமல் பேசாதீர்கள்.

குல்மார்க் ரசிகன்:
பார்த்துவிட்டுத்தான் பேசுகிறேன். கேட்டுக்கொண்டார், சரி. நிறுத்தினாரா?

பனிப்பாறை:
அதைத்தான் நானும் சொல்கிறேன். ஆறு உயிர் போனது, கடைசியில் விழவும் விழுந்தார்.

குல்மார்க் ரசிகன்:
இல்லை, நீங்கள் அதைச் சொல்லவில்லை. என் வாதத்தை உங்கள் கணக்கில் சேர்க்க வேண்டாம். விழாமல் இறங்கியிருந்தாலும் எனக்கு அதே கோபம்தான் இருக்கும்.

பழைய ரீல்:
பனிப்பாறைக்கு விழுந்ததை விட்டால் வேறு பேச்சில்லை. அந்த மெல்லிய காற்றில் பாராசூட் பிடிக்கவே இல்லை, கீழே இரும்பு மாதிரி பனிக்கட்டி. அதே மனிதர் 70, 75, 80 வயதுகளில் எவரெஸ்ட் உச்சியை மூன்று முறை தொட்டார், கடைசி முறை 2013இல். உங்கள் கர்னிச்சாரை நான் குறை சொன்னேனா? அவர் நன்றாக இறங்கினார் என்பதற்காக இந்தப் படம் மட்டமாகிவிடாது.

பனிப்பாறை:
80 வயதில் நடந்து ஏறியது வேறு கதை, கும்பிடுகிறேன். பேச்சு 1970 பற்றி. சரி, படமாகவே பேசுவோம். பார்கியல் 2018 ஜூலை 22 அன்று உலகின் இரண்டாவது உயரமான மலையான கே2வின் உச்சியிலிருந்து ஸ்கீயில் இறங்கிய படத்தைப் பாருங்கள். அவர் தம்பி ட்ரோன் பறக்கவிட்டு எடுத்தார். ஒவ்வொரு திருப்பத்திலும் ஸ்கீ விளிம்பு எங்கே பிடிக்கிறது, கீழே எவ்வளவு வெறுமை இருக்கிறது என்று தெரிகிறது. புள்ளியும் இல்லை, பாராசூட்டும் இல்லை, விழவும் இல்லை.

சூரிச்காரன்:
ட்ரோன் வந்த பிறகு எல்லாப் படமும் ஒன்றுபோலத்தான் இருக்கிறது. 88இல் தோளில் கேமராவைத் தூக்கிக்கொண்டு அதே சரிவில் இறங்கினார்கள், அது உழைப்பு.

பனிப்பாறை:
அதே ட்ரோன்தான் அந்த ஜூலையில் பக்கத்து பிராட் பீக் மலையில் காணாமல்போன மலையேறி ரிக் ஆலனைத் தேடிக் கண்டுபிடித்தது. உயிரோடு இறக்கினார்கள். ஒன்றுபோல இருக்கிறதாம்!

குல்மார்க் ரசிகன்:
இந்தியாவில் எடுத்த படம் ஒன்றுகூட உங்கள் வாயில் வராதா? கர்வாலில் எடுத்த 'மேரு' இருக்கிறதே. மேரு சிகரத்தின் ஷார்க்ஸ் ஃபின் வழியில் 2008இல் உச்சிக்கு மிக அருகே போய்த் திரும்பி, 2011இல் முடித்தார்கள்.

சூரிச்காரன்:
அது மலையேற்றப் படம். பேச்சு ஸ்கீ பற்றி.

குல்மார்க் ரசிகன்:
அந்த 'மேரு' குழுவில் ஒருவரான ரெனான் ஆஸ்டர்க் மண்டை உடைந்தது எங்கே? அமெரிக்காவின் டீட்டன் மலையில் ஸ்கீ படப்பிடிப்பில். ஐந்தே மாதத்தில் மேருவுக்கு வந்தார். ஸ்கீக்கும் அதற்கும் சம்பந்தமில்லை என்று சொல்லுங்கள் பார்ப்போம்.

பனிப்பாறை:
அவரும் விழுந்தவர்தானா?

குல்மார்க் ரசிகன்:
உங்களோடு பேசுவதே வீண். சூரிச்காரன், நீங்கள் பதில் சொல்லுங்கள்.

சூரிச்காரன்:
விபத்து நடந்தது ஸ்கீயில், படம் ஏறியதைப் பற்றி. என் பட்டியலில் அது வராது, வராது.