மல்லி விலை சதவீதக் கணக்கு: ஏன் என்று எப்படிப் புரியவைப்பது?

வணக்கம். உசிலம்பட்டி பக்கம் எட்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு டியூஷன் எடுக்கிறேன். பல வீடுகளில் பூ விவசாயம்தான். அதனால் மல்லி விலையை வைத்தே சதவீதம் சொல்லித் தருகிறேன்.

கிலோ 500 ரூபாய் முகூர்த்த நாளில் 2,000 ஆனால் ஏற்றம் 300 சதவீதம். திரும்ப 500க்கு வந்தால் இறக்கம் 75 சதவீதம்தான். "ரெண்டுமே 1,500 ரூபாதான சார், ஏன் வேற வேற?" என்கிறார்கள். நியாயமான கேள்வி!

வித்தியாசத்தைப் பழைய விலையால் வகுத்து நூறால் பெருக்கு என்றால் போட்டுவிடுகிறார்கள். ஏன் பழைய விலையால் என்பதுதான் மனசில் உட்காரவில்லை. எனக்கு அதுதான் முக்கியம். 100 ரூபாயை 20 சதவீதம் ஏற்றி, 20 சதவீதம் இறக்கினால் 96 ஆவதையும் நம்ப மாட்டேன் என்கிறார்கள்.

சூத்திரம் இல்லாமல், படம் வரைந்தோ காசை அடுக்கியோ இதை விளக்கிய ஆசிரியர்கள் இருந்தால் வழி சொல்லுங்களேன். அடுத்த வகுப்பிலேயே செய்து பார்க்கிறேன்.