முதலாளி எதைப் பார்த்துக் கேள்வி கேட்கிறார்? கணினித் திரையையா, நோட்டையா? இரண்டு ஊழியர்களின் அனுபவம்

திருப்பூர், பின்னலாடை ஏற்றுமதி நிறுவனமொன்றின் முன்னாள் ஸ்டோர் பொறுப்பாளர்:

2017 ஜூலை 1 அன்று ஜிஎஸ்டி வந்த பிறகு, ஜாப் ஒர்க்குக்கு (சாயமிடுதல் போன்ற வேலைகளுக்காக வெளியாரிடம்) அனுப்பிய சரக்கு ஓராண்டுக்குள் திரும்பியதா என்பதை டி.சி. (சரக்கோடு அனுப்பும் டெலிவரி சலான்) வாரியாகக் காட்ட வேண்டியிருந்ததால், எங்கள் நிறுவனத்தில் ஈஆர்பி (இருப்பு, கணக்கு எல்லாவற்றையும் ஒரே இடத்தில் பதியும்) மென்பொருள் வாங்கினார்கள். பயிற்சியும் முறையாகவே நடந்தது. முதலாளியோ குத்துவிளக்கு ஏற்றியதோடு சரி, மறுநாள் காலையே வழக்கம்போல் எனக்குப் போன் செய்து, "முப்பதாம் நம்பர் நூல் எத்தனை மூட்டை இருக்கிறது?" என்று கேட்டார். நான் என் நீள நோட்டைப் பார்த்துத்தான் சொன்னேன். அவசரம் என்று அவரே கையெழுத்திட்டுக் கொடுத்த துண்டுச் சீட்டுகளின் பேரில் வெளியே போன நூலை எவரும் பதியாததால், கணினி காட்டிய இருப்பு தவறு என்பது எனக்கு நன்றாகவே தெரியும்.

இரண்டு ஆண்டுகள் கழித்து அவருடைய மகள் பொறுப்பேற்றார். அவர் எவரையும் திட்டவில்லை. காலைக் கூட்டத்தில் திரையில் இருப்பதை மட்டும் வாசிப்பார். ஒரு நாள் சாயப்பட்டறையிலிருந்து 1,240 கிலோ துணி வரவேண்டியிருப்பதாகத் திரை காட்டியது. துணி வந்துவிட்டது என்று சொல்லி நான் நோட்டை விரித்தேன். "அதை இப்போதே ஏற்றிவிடுங்கள் அண்ணா, நாங்கள் காத்திருக்கிறோம்" என்றார். மெர்ச்சண்டைசர், கட்டிங் மாஸ்டர், கணக்காளர் என்று எல்லோரும் பார்த்துக்கொண்டிருக்க, இருபது நிமிடம் ஒவ்வொரு டி.சி.யாகப் பதிந்தேன். பின்னர் ஒரு முறை, அவருடைய அப்பாவான பெரியவர் எழுதிய சீட்டோடு கிளம்பிய வண்டியையே வாட்ச்மேன் கேட்டில் நிறுத்திவிட்டார். பெரியவர் ஸ்டோருக்கு நடந்து வந்து, என் மேசைக்கு எதிரே நின்று டி.சி. வாங்கிக்கொண்டு போனார். என் நோட்டு அந்த மாதத்தோடு நின்றது.

கோவை, பம்ப் உதிரிபாகத் தொழிற்சாலை ஊழியர்:

மேலே எழுதிய நண்பர் கொடுத்துவைத்தவர். எங்கள் இயக்குநரும் தினமும் திரையைப் பார்ப்பவர்தான்; ஆனால் ரிஜெக்‌ஷன் (குறைபாட்டால் ஒதுக்கப்படும் பாகங்கள்) எண்ணிக்கை கூடினால், அந்த ஷிப்ட் சூப்பர்வைசரை அனைவர் முன்னிலையிலும் எழுப்பி நிறுத்திவிடுவார். இரண்டே வாரத்தில் ரிஜெக்‌ஷன் பாதியாகக் குறைந்தது, திரையில் மட்டும். மாதக் கடைசியில் ஸ்கிராப் வண்டியின் எடைச் சீட்டு எங்கள் எல்லோரையும் காட்டிக்கொடுத்துவிட்டது.