நாள்பட்ட தூக்கமின்மை: படுக்கை நேரத்தைக் குறைத்ததால் திரும்பிய தூக்கம்

திருச்சி, பள்ளி ஆசிரியை:

என் மாமனார் பக்கவாதத்தால் படுத்த படுக்கையான பிறகு, படுக்கைப் புண் வராமல் இருக்க இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை அவரைப் புரட்டிப் படுக்கவைக்க வேண்டும் என்று செவிலியர் சொல்லிக்கொடுத்திருந்தார். பகலில் பள்ளி, இரவில் இந்தப் பணிவிடை என்று ஓராண்டுக்கும் மேலாக வாழ்க்கை ஓடியது. அவர் காலமானதும், இனியாவது நான் நிம்மதியாகத் தூங்கலாம் என்று உறவினர்கள் ஆறுதல் கூறினார்கள். ஆனால் கவனிக்க வேண்டியவர் இல்லாமல் போன பிறகும் பன்னிரண்டு மணிக்கும் இரண்டு மணிக்கும் நான்கு மணிக்கும் கண் தானாகத் திறந்துகொண்டது; நாளடைவில் படுத்தவுடன் கண்ணயர்வதும் நின்றுபோய், புரண்டு புரண்டு படுத்துவிட்டு, பால்காரரின் வண்டிச் சத்தம் கேட்கும் நேரத்தில் கொஞ்சம் அசந்து தூங்குவது வழக்கமாகிவிட்டது.

வீட்டில் எல்லோரும் அன்பால் யோசனை சொன்னார்கள். மாமியார் மருதாணிப் பூவைத் துணியில் முடிந்து தலையணைக்கு அடியில் வைத்தார். அம்மா பாலில் ஜாதிக்காய் உரைத்துக் கொடுத்தார். மருதாணிப் பூவின் மணம் இதமானதுதான், அதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. ஜாதிக்காயை மட்டும் சிட்டிகைக்கு மேல் போடாதீர்கள். அளவு மிஞ்சினால் குமட்டலும் படபடப்பும் மனக்குழப்பமும் உண்டாகும். இவை எல்லாவற்றையும்விட அதிகமாக எனக்குச் சொல்லப்பட்டது ஒன்றுதான்: “தூக்கம் வராவிட்டாலும் பரவாயில்லை, சீக்கிரமாகப் போய்க் கண்ணை மூடிப் படுத்திரு, உடம்புக்காவது ஓய்வு கிடைக்கும்.” இரவு ஒன்பது மணிக்கே விளக்கை அணைத்துவிட்டுப் படுப்பது எங்கள் வீட்டில் ஒரு சட்டமாகவே ஆகிவிட்டது.

பிறகு நான் சந்தித்த மருத்துவ உளவியலாளர் முதலில் மாற்றச் சொன்னது அந்தச் சட்டத்தைத்தான். வாரத்தில் 3 இரவுகளாவது தூக்கம் கெட்டு, அந்நிலை 3 மாதங்களுக்கு மேல் நீடித்தால் அது நாள்பட்ட தூக்கமின்மை என்று விளக்கிவிட்டு, ஆர்தர் ஸ்பீல்மன் என்ற அமெரிக்க உளவியலாளர் 1987இல் முன்வைத்த ஒரு சட்டகத்தை அவர் காகிதத்தில் வரைந்து காட்டினார். இயல்பிலேயே சிலருக்குத் தூக்கம் எளிதில் கலையும். அதன்மேல் நோய், மரணம், பணிச்சுமை போன்ற ஏதோவொன்று வந்து தூக்கத்தைக் கெடுக்கும். அதைச் சமாளிப்பதற்காக நாம் மேற்கொள்ளும் பழக்கங்களோ, கெடுத்த காரணம் நீங்கிய பிறகும் தூக்கமின்மையைத் தாங்கிப் பிடித்துக்கொண்டிருக்கும். மாமனாரைப் பற்றிய துக்கத்தில்தான் எனக்குத் தூக்கம் வரவில்லை என்று ஊரே சொல்லிக்கொண்டிருந்தபோது, இவர் ஒருவர்தான் ஒன்பது மணி விளக்கணைப்பைப் பற்றிக் கேட்டார்.

இரண்டு வாரங்களுக்குத் தூக்கக் குறிப்பேடு எழுதும்படி அவர் சொன்னதால், பழைய மதிப்பெண் பதிவேட்டின் மீந்த பக்கங்களில் கட்டம் போட்டேன்: படுத்த நேரம், தூங்கியிருக்கக்கூடிய நேரம், இடையில் விழித்திருந்த நேரம், எழுந்த நேரம். காலையில் எழுந்ததும் உத்தேசமாக எழுதினால் போதும். நள்ளிரவில் கடிகாரம் பார்த்துக் குறிக்கவே கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். நான் படுக்கையில் கழித்தது சராசரியாக எட்டரை மணி நேரம், தூங்கியது ஐந்தரை மணி நேரம். அதாவது படுக்கை நேரத்தில் 65 விழுக்காடுதான் தூக்கம். அவர் தந்த சிகிச்சை என்னவென்றால், அந்த ஐந்தரை மணி நேரம் மட்டுமே இனி நான் படுக்கையில் இருக்க வேண்டும்! காலை ஐந்தரைக்கு எழுவது மாறாது என்பதால் இரவு பன்னிரண்டு மணிக்கு முன் பாயை விரிக்கக்கூடாது. ஞாயிற்றுக்கிழமைக்கும் விலக்கு இல்லை, பகலில் ஒரு பொட்டுத் தூக்கமும் கூடாது.

தூக்கமில்லை என்று போனவளைப் பார்த்து இன்னும் குறைவாகப் படு என்கிறாரே என்று என் கணவர் கோபப்பட்டது இயல்புதான். ஆனால் அதன் பின்னால் இருக்கும் கணக்கு தெளிவானது. விழித்திருக்கும் நேரமெல்லாம் மூளையில் அடினோசின் என்ற வேதிப்பொருள் சேரச் சேரத் தூக்கத்துக்கான அழுத்தம் கூடுகிறது. அது போதிய அளவு சேருவதற்கு முன்பே படுத்துக் காத்திருப்பது, பசி எடுக்காமலே இலை போட்டு உட்கார்ந்திருப்பதைப் போன்றது. காத்திருக்கும் அந்த மணிநேரங்களில் மனம் கற்றுக்கொள்வதெல்லாம் படுக்கை என்றால் விழித்திருக்கும் இடம் என்பதைத்தான். இதே காரணத்தால், உத்தேசமாக இருபது நிமிடங்களுக்குள் தூக்கம் வராவிட்டால் எழுந்து வேறிடம் போய்விட வேண்டும், தூக்கம் கண்ணைச் சொக்கும்போதுதான் திரும்ப வேண்டும் என்ற விதியும் இருந்தது; ரிச்சர்ட் பூட்சின் என்பவர் 1972இல் வகுத்த முறை அது.

எழுந்து வேறிடம் போவது என்று எழுதுவது எளிது. நாங்கள் நால்வரும் படுப்பது ஒரே கூடத்தில். ட்யூப் லைட்டைப் போட்டால் பிள்ளைகள் விழித்துக்கொள்வார்கள். ஆகவே சமையலறை மேடைக்கு மேல் ஒரு சிறிய மஞ்சள் விளக்கை மாட்டி, முக்காலியில் உட்கார்ந்து, மறுநாளைக்கு வேண்டிய பூண்டை உரிப்பதும் பாசிப்பயற்றில் கல் பொறுக்குவதுமாக நேரத்தைக் கழித்தேன். கைப்பேசியையும் விடைத்தாளையும் அந்த நேரத்தில் தொடவில்லை. பெரிய கட்டில் போட்டிருக்கும் வீடுகளைவிடப் பாய் விரிக்கும் வீட்டில் ஒரு வசதி உண்டு என்பதை இங்கே சொல்லத்தான் வேண்டும்: விடிந்ததும் பாயைச் சுருட்டிச் சாத்திவிட்டால், பகலில் சாய்வதற்கு இடமே இருக்காது.

முதல் இரண்டு வாரங்கள் கொடுமையாக இருந்தன. மாலை ஏழு மணிக்கே தலை கனத்தது. பதினொன்றுக்கு நின்றபடியே துணி மடித்தேன், உட்கார்ந்தால் விழுந்துவிடுவேன் என்ற பயத்தில். அதன் பிறகு பன்னிரண்டுக்குப் படுத்தால் உடனே தூங்குவதும், இரண்டு மணி விழிப்பு மறைவதும், அதற்கும் சில வாரங்கள் கழித்து நான்கு மணி விழிப்பு குறைவதுமாக மாற்றம் வந்தது. படுத்த நேரத்தில் 85 விழுக்காட்டுக்கு மேல் தூங்கிய வாரங்களில் 15 நிமிடங்கள் முன்னதாகப் படுக்க அனுமதி கிடைத்தது. இப்போது பத்தே முக்காலுக்குப் படுத்து ஐந்தரைக்கு எழுகிறேன்.

வலிப்பு நோயோ இருதுருவ மனநோயோ உள்ளவர்களும், ஓட்டுநர் வேலையிலும் இயந்திரங்களோடும் இருப்பவர்களும் இதைத் தாமாகச் செய்து பார்க்கக்கூடாது. மற்றவர்களும் படுக்கை நேரத்தை 5 மணி நேரத்துக்குக் கீழே கொண்டுபோகக்கூடாது.

மதுரை, ஓய்வுபெற்ற அரசு ஊழியர்:

சகோதரி எழுதியதைப் படித்துவிட்டு எல்லோரும் பாயைச் சுருட்டிவிட வேண்டாம் என்பதற்காக என் அனுபவத்தையும் எழுதுகிறேன். நானும் இரவில் பலமுறை விழித்துக்கொண்டிருந்தேன். ஒவ்வொரு முறையும் சிறுநீர் கழிக்க எழ வேண்டியிருந்ததால் வயதான ஆண்களுக்கு வரும் புராஸ்டேட் வீக்கம் என்றுதான் நினைத்துச் சிகிச்சையும் எடுத்தேன். குறட்டை திடீரென்று நின்று, சற்று நேரம் மூச்சே இல்லாமல், பிறகு திணறலோடு மீண்டும் தொடங்குவதைக் கவனித்தவர் என் மனைவி. அவர் வற்புறுத்தியதால்தான் தூக்க ஆய்வுக்குப் போனேன். உடம்பெங்கும் ஒயர்களை ஒட்டிக்கொண்டு தூங்க வேண்டிய அந்தச் சோதனையில், மூச்சு தடைப்படுவது மணிக்கு 5 தடவைக்குள் இருந்தால் இயல்பு, 30ஐத் தொட்டால் தீவிரம். நான் தீவிர வகையில் இருந்தேன். முகமூடி வழியாகக் காற்றை அழுத்தித் தரும் சிபேப் கருவியைப் போட்டுக்கொள்ளத் தொடங்கியதும் விழிப்பு நின்றது, ஆச்சரியமாக இரவில் சிறுநீருக்கு எழுவதும் குறைந்தது. மூச்சு அடைபடும்போது இதயத்தில் ஏற்படும் அழுத்த மாற்றத்தால் சிறுநீரைப் பெருக்கும் ஹார்மோன் சுரப்பதுதான் அதற்குக் காரணம் என்று மருத்துவர் சொன்னார். என்னைப் போன்றவர்கள் தூக்க மாத்திரை போட்டால் தொண்டைத் தசைகள் இன்னும் தளர்ந்து மூச்சுத்தடை மோசமாகக்கூடும் என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன்.

சென்னை, இரவுப் பணியில் இருப்பவர்:

என் சிக்கல் உடற்கடிகாரம் சார்ந்தது. அமெரிக்க நேரத்துக்கு வேலை பார்த்துவிட்டு, காலை வெயில் முகத்தில் அடிக்க வீடு வந்தால், அந்த வெளிச்சமே தூக்கத்துக்கு உதவும் ஹார்மோனான மெலடோனின் சுரப்பை நிறுத்தி மூளைக்குப் பகலை அறிவித்துவிடும். திரும்பும் வழியில் கருப்புக் கண்ணாடி அணிவதும், அறையின் ஜன்னலுக்குத் தடித்த திரை போடுவதும் உதவின. அதைவிட முக்கியமானது விடுமுறை நாளிலும் அதே தூக்க நேரத்தை ஓரளவாவது விடாமல் இருப்பது. உறவினர் வீட்டு விசேஷங்களில் என்னைத் தேடுகிறார்கள் என்பதால் இதில் எனக்கு இன்றுவரை பாதி வெற்றிதான்.

கோவை, மருந்தாளுநர்:

கடையின் இந்தப் பக்கம் நிற்பவன் பார்ப்பதைச் சொல்கிறேன். தூக்கத்துக்காகப் போடும் அல்பிரசோலாம், சோல்பிடெம் ஆகிய மாத்திரைகள் மருந்து விதிகளின் எச் ஒன்று அட்டவணையைச் சேர்ந்தவை. மருத்துவர் சீட்டு இல்லாமல் தரக்கூடாது, வாங்குபவர் விவரத்தைப் பதிவேட்டில் எழுதி 3 ஆண்டுகள் வைத்திருக்க வேண்டும். ஆனாலும் மடித்து மடித்து எழுத்தே அழிந்துபோன பழைய சீட்டை நீட்டி, “போன தடவை வாங்கியதுதானே தம்பி” என்று கேட்பவர்கள் வந்துகொண்டேதான் இருக்கிறார்கள். இல்லை என்றால், சளி மாத்திரை கொடு, அதிலும் தூக்கம் வருமே என்பார்கள். வயதானவர்களுக்கு அந்தச் சளி மாத்திரை வாய் உலர்வையும் மலச்சிக்கலையும் குழப்பத்தையும் கொண்டுவரும், இரவில் எழும்போது தடுமாறி விழவும் வைக்கும்.

மாத்திரையை நான் குறை சொல்லவில்லை. மருத்துவர் சொன்ன காலத்துக்கு மட்டும் போடுவது ஒன்று, ஆண்டுக்கணக்கில் போடுவது வேறு. அதைவிட ஆபத்தானது, பயந்துபோய் ஒரே நாளில் நிறுத்துவது. பல ஆண்டுகள் அல்பிரசோலாம் போட்டவர் திடீரென நிறுத்தினால் முன்பைவிட மோசமான தூக்கமின்மை வரும், வலிப்புகூட வரலாம். எனக்குத் தெரிந்த ஒரு பாட்டி, மருத்துவரின் கண்காணிப்பில், மாத்திரையைப் பாதியாகவும் பிறகு காலாகவும் உடைத்துப் பல மாதங்களில் விட்டொழித்தார். எத்தனை மில்லிகிராம் குறைந்தது என்று ஒவ்வொரு முறையும் எங்கள் பில்லின் பின்பக்கத்தில் என்னை எழுதச் சொல்லி வாங்கிக்கொண்டு போவார். நாள்பட்ட தூக்கமின்மைக்கு முதலில் தரவேண்டியது, சகோதரி மேற்கொண்ட அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சைதான் என்று அமெரிக்க மருத்துவர் கல்லூரி என்ற மருத்துவர்கள் அமைப்பு 2016இலேயே வழிகாட்டுதல் வெளியிட்டுவிட்டது. நம் ஊர்களில் அதற்குப் பயிற்சி பெற்றவர்கள் குறைவு என்பதால், மக்கள் கடைக்கு வந்துவிடுகிறார்கள்.

திருச்சி, பள்ளி ஆசிரியை:

மதுரை ஐயா சொன்னது மிகச் சரி. என்னிடமும் அந்த உளவியலாளர் குறட்டை உண்டா, மாலையில் கால்களை அசைக்காமல் இருக்க முடியாத குறுகுறுப்பு உண்டா என்றெல்லாம் கேட்டு, இரத்தத்தில் இரும்புச் சத்தையும் தைராய்டையும் பார்த்த பிறகுதான் இந்த முறையைத் தொடங்கினார்.

மனத்தில் ஓடும் கவலைக்கு என்ன செய்தேன் என்று இருவர் தனியே கேட்டிருந்தீர்கள். மாலை ஆறரை மணிக்குக் கால் மணி நேரம் உட்கார்ந்து, மறுநாளைக்கான கவலைகளை ஒரு பக்கத்திலும் அவற்றுக்கு நாளை செய்யக்கூடிய முதல் வேலையை எதிர்ப்பக்கத்திலும் எழுதிவிடுவேன்; இரவில் அதே கவலை வந்தால் அதற்கான வரி ஏற்கெனவே எழுதப்பட்டிருக்கும். இன்று தூங்காவிட்டால் நாளை வகுப்பு பாழ் என்ற எண்ணத்தைக் குறிப்பேட்டை வைத்தே சரிபார்க்கச் சொன்னார் உளவியலாளர்; மோசமாகத் தூங்கிய இரவுகளுக்கு அடுத்த நாட்களிலும் பாடம் நடந்துதான் இருந்தது, எரிச்சல் மட்டும் கொஞ்சம் கூடுதல். காபியின் கஃபீன் பாதியாகக் குறையவே ஏறத்தாழ 5 மணி நேரம் ஆகும் என்பதால் மாலைக் காபியை விட்டுவிட்டேன். இது ஒன்றுதான் உண்மையிலேயே எனக்குத் தியாகம்.

பொதுத்தேர்வு விடைத்தாள் திருத்தும் பருவத்தில் நான்கு மணி விழிப்பு இன்னும் எட்டிப் பார்க்கிறது. அப்போது சீக்கிரம் படுப்பதில்லை. மாறாக, பதினொன்றரைக்குத் தள்ளிப் படுக்கிறேன், ஒரு வாரத்தில் சரியாகிவிடுகிறது. இந்தச் சிகிச்சை தருபவர் தம் ஊரில் யாரும் இல்லையே என்று தயங்குபவர்கள், அரசின் டெலி மானஸ் மனநல உதவி எண்ணான 14416ஐ எந்நேரமும் கட்டணமின்றி அழைக்கலாம், தமிழிலேயே பேசலாம். பேசுவதற்கு முன் இரண்டு வாரக் குறிப்பேட்டை எழுதிக் கையில் வைத்துக்கொண்டால், மறுமுனையில் இருப்பவருக்குக் கேள்வி கேட்பது எளிதாக இருக்கும்.