தடித்த கண்ணாடிதான் முதலில் விரிசல் விடுகிறது, ஏன்?

கேள்வி:
கொதிநீரை ஊற்றும்போது மெல்லிய கண்ணாடிக் குவளை தாங்கிக்கொள்கிறது. அடி தடித்த குவளையோ அந்த அடியிலேயே விரிசல் விட்டுவிடுகிறது. தடிமன் கூடினால் உறுதியும் கூட வேண்டும் அல்லவா? மேலும், குளிர்ந்த தட்டைச் சூடாக்குவதைவிடச் சூடான தட்டைக் குளிர்நீரில் அமிழ்த்துவதே ஆபத்தானது என்கிறார்கள். வெப்பநிலை வேறுபாடு ஒன்றாகவே இருக்கும்போது விளைவு ஏன் மாற வேண்டும்?

பதில் 1:
சூடு ஏறுவதால் மட்டுமே கண்ணாடி உடைவதில்லை. முழுவதும் ஒரே சீராகச் சூடேறித் தடையின்றி விரிந்தால் அதில் தகைவே (பொருளுக்குள் ஒரு பரப்பளவில் செயல்படும் உள்விசை) தோன்றாது. ஒரு பகுதி விரிய முயலும்போது அடுத்த பகுதி அதைப் பிடித்து நிறுத்துவதே சிக்கல். கண்ணாடி வெப்பத்தை மெதுவாகக் கடத்துவதால், தடித்த அடியின் உட்புறம் நன்றாகச் சூடேறிய பின்னும் வெளிப்புறம் குளிர்ந்தே இருக்கிறது. விரியும் உட்புறம் வெளிப்புறத்தை இழுக்க, அங்கே இழுவிசை ஏறுகிறது. மெல்லிய சுவரில் சூடு விரைவில் மறுபுறம் எட்டிவிடுகிறது.

அளவையும் பார்த்துவிடலாம். சாதாரண சோடா-சுண்ணாம்புக் கண்ணாடி, ஒரு பாகை செல்சியசுக்குத் தன் நீளத்தில் பத்து லட்சத்தில் ஏறத்தாழ 9 பங்கு விரியும். விரிவு முற்றிலும் தடுக்கப்பட்டால், 100 பாகை வேறுபாட்டுக்குச் சுமார் 80 மெகாபாஸ்கல் (தகைவை அளக்கும் அலகு) தகைவு உண்டாகும். ஆய்வகங்களில் புழங்கும் போரோசிலிகேட் கண்ணாடி 3.3 பங்கே விரிவதால், அதில் இது மூன்றில் ஒரு பங்காகக் குறைந்துவிடுகிறது.

பதில் 2:
இரண்டாவது கேள்விக்கு விடை பரப்பில் இருக்கிறது. சூடான தட்டு நீரில் இறங்கியதும் மேற்பரப்பு முதலில் குளிர்ந்து சுருங்க முயல்கிறது. உள்ளே இன்னும் சூடாக இருக்கும் பகுதி அதற்கு இடங்கொடுப்பதில்லை. ஆகவே இழுவிசை முழுவதும் மேற்பரப்பில் விழுகிறது. கண்ணுக்குத் தெரியாத நுண்கீறல்கள் இருப்பதும் அங்கேதான். இழுவிசை அத்தகைய கீறலின் முனையில் குவிந்து அதைத் திறக்கிறது என்பதை 1920-களின் தொடக்கத்திலேயே ஆங்கிலேயப் பொறியாளர் கிரிஃபித் விளக்கிவிட்டார். உலோகமாயின் முனை சற்றே நெகிழ்ந்து மழுங்கிவிடும். கண்ணாடிக்கு அந்த வசதி இல்லை. தட்டைச் சூடாக்கும்போதோ, சூடேறும் மேற்பரப்பு அமுக்கப்படுவதால் அங்குள்ள கீறல்கள் மூடிக்கொள்கின்றன. பல காலம் தாங்கிய பாத்திரம் ஒருநாள் திடீரென உடைவதற்கும், இடையில் விழுந்த ஒரு புதிய கீறலே பெரும்பாலும் காரணம்.

பதில் 3:
முதல் பதிலில் ஒரு திருத்தம் தேவை. சீராகச் சூடேறினால் தகைவு இல்லை என்பது, எங்கும் ஒரே தன்மையுள்ள பொருளுக்கே பொருந்தும். கருங்கல்லில் உள்ள குவார்ட்சு, ஃபெல்ட்ஸ்பார் ஆகிய கனிமங்கள் வெவ்வேறு அளவில் விரிகின்றன. 573 பாகையில் குவார்ட்சின் படிக அமைப்பே மாறுகிறது, அதையொட்டி அது சட்டென்று பருக்கிறது. ஆதலால் எவ்வளவு மெதுவாகச் சூடாக்கினாலும் துகள்களின் எல்லைகளில் நுண்விரிசல்கள் ஓடும். பீங்கானின் மெருகுப்பூச்சு அடியிலுள்ள களிமண்ணைவிட அதிகமாகச் சுருங்கும்போது தோன்றும் வலைபோன்ற கீற்றுகளும் இவ்வகையே.