எழுத்து மாறாத ஓடிடி கோப்பையும் கிட் ‘மாறியது’ என்கிறது: வழி உண்டா?

வணக்கம் நண்பர்களே. நூல் படிகளை லிப்ரே ஆபிசில் எழுதி, கோப்புகளின் மாற்ற வரலாற்றைக் காக்கும் கிட் (Git) மென்பொருளில் சேமிக்கிறோம். ஓர் ஓடிடி (.odt, லிப்ரே ஆபிஸின் ஆவண வடிவம்) கோப்பில் ஒரு இடைவெளியைச் சேர்த்து, அதையே அழித்துவிட்டுச் சேமித்தாலும் ‘கிட் ஸ்டேட்டஸ்’ (எந்தக் கோப்புகள் மாறின என்று சொல்லும் கட்டளை) அதை மாறியதாகக் காட்டுகிறது.

காரணம் தெரிகிறது. கோப்பின் அளவு இன்டெக்ஸில் (கிட் வைத்திருக்கும் கோப்புப் பட்டியலில்) உள்ளதோடு பொருந்தாவிட்டால் கிட் அதை மாறியதாகவே கொள்ளும்; நேரம் மட்டும் பொருந்தாவிட்டால் உள்ளடக்கத்துக்கு எஸ்எச்ஏ-1 என்ற ஹாஷை (கோப்பின் விரல்ரேகை போன்ற எண்ணை) கணக்கிடும். ஒரு பைட் பிசகினாலும் ஹாஷ் வேறு. ஓடிடியோ உண்மையில் ஒரு ஜிப் பொட்டலம். சேமிக்கும்போதெல்லாம் அதற்குள் இருக்கும் மெட்டா.எக்ஸ்எம்எல்லில் (ஆவணத்தைப் பற்றிய விவரங்கள் உள்ள கோப்பில்) தேதி மாறிவிடுகிறது. கிட்டைக் குறைசொல்லிப் பயனில்லை.

வேறுபாடுகளைக் காட்டும் ‘கிட் டிஃப்’ கட்டளை கொடுத்தால் பைனரி (வெறும் எழுத்தாக இல்லாத) கோப்புகள் வேறுபடுகின்றன என்று ஒற்றை வரிதான் வரும். முதல் 8000 பைட்டுக்குள் மதிப்பு 0 உள்ள ஒரு பைட் தென்பட்டால் போதும், அதை பைனரி என்று ஒதுக்கிவிடும். ஒப்பிடும் முன் கோப்பை எழுத்தாக மாற்றும் டெக்ஸ்ட்கான்வ் (textconv) அமைத்து, எழுத்துகளை மட்டும் பிரித்தெடுத்து ஒப்பிட முடிகிறது. அழகாகத்தான் இருக்கிறது, ஆனால் அது பார்வைக்கு மட்டும். ஸ்டேட்டஸ் பிடிவாதமாக அப்படியே நிற்கிறது.

கேட்க வந்தது இதுதான்: கிட்டின் ‘கிளீன்’ ஃபில்டரில் (கோப்பு கிட்டுக்குள் போகும் முன் அதைத் திருத்தும் ஸ்கிரிப்டில்) அந்தத் தேதிகளை நீக்கி, ஜிப்பைச் சுருக்காமல் மறுபடி கட்டி அனுப்பினால் ஹாஷ் நிலையாக நிற்குமா? செய்து பார்த்தவர்கள் இருந்தால் ஸ்கிரிப்டைப் பகிருங்கள். அல்லது ஒரே எக்ஸ்எம்எல்லாக இருக்கும் எஃப்ஓடிடி (.fodt) வடிவத்துக்கே மாறிவிடலாமா? எங்கள் கோப்புகளில் படங்கள் ஏராளம், அதனால்தான் தயக்கம்.

பெரிய கோப்புகளைத் தனியே வைக்கும் கிட் எல்எஃப்எஸ் வேண்டாம். களஞ்சியத்தின் எடை குறையுமே தவிர, இந்தப் பொய் மாற்றம் தீராது.