பீட்டர் செல்லர்ஸை க்ளூசோ விழுங்கிவிட்டாரா?

பழையரீல்:
பிரிட்டிஷ் நடிகர் பீட்டர் செல்லர்ஸ் என்றதுமே எல்லோருக்கும் 'பிங்க் பாந்தர்' நகைச்சுவைப் படங்களில் வரும் தடுமாறும் துப்பறிவாளர் இன்ஸ்பெக்டர் க்ளூசோதான் ஞாபகம் வருகிறார். எனக்கு அதில் வருத்தம் உண்டு. 1959இல் 'ஐம் ஆல் ரைட் ஜாக்' படத்தில் ஆலைத் தொழிற்சங்கத் தலைவர் ஃப்ரெட் கைட்டாக நடித்து பாஃப்டா என்ற பிரிட்டிஷ் திரைப்பட விருதை வாங்கியவர் அவர். 1962இல் 'லொலிடா'வில் குவில்டி வேடம். 1964இல் 'டாக்டர் ஸ்ட்ரேஞ்ச்லவ்'வில் மூன்று வேடங்கள்: விமானப்படை அதிகாரி மாண்ட்ரேக், அமெரிக்க ஜனாதிபதி மஃப்லி, சக்கர நாற்காலி விஞ்ஞானி. குரலும் நடையும் மட்டுமல்ல, மூச்சு விடும் விதம்கூட மூவருக்கும் வேறு வேறு. விமானி மேஜர் காங் வேடமும் முதலில் அவருக்கே இருந்தது. அடிபட்டதால் ஸ்லிம் பிக்கன்ஸிடம் போனது. இப்படிப்பட்ட கலைஞர் 70களில் போய் நின்ற இடம் எது? வரிசையாக மூன்று பிங்க் பாந்தர். க்ளூசோ அவரை விழுங்கிவிட்டார் என்பதுதான் என் வாதம்.

மாலைக்காட்சி:
சார், தேதியைக் கொஞ்சம் பாருங்க. 1964ல ரெண்டாவது க்ளூசோ படம் 'எ ஷாட் இன் த டார்க்'. அதுக்கப்புறம் 1975 வரைக்கும் அவர் க்ளூசோ வேஷமே போடல. நடுவுல 1968ல வந்த படத்துல ஆலன் ஆர்கின்தான் க்ளூசோ. செல்லர்ஸ் மார்க்கெட் சரிஞ்சது அவர் க்ளூசோவா இல்லாத அந்த வருஷங்கள்லதான். 1964 ஏப்ரல்ல இயக்குநர் பில்லி வைல்டர் படத்துல நடிச்சிட்டிருக்கும்போது அடுத்தடுத்து மாரடைப்பு, அந்த வேஷமே வேற நடிகர் கைக்குப் போச்சு. 1967 'கேசினோ ராயல்'ல வேலை முடியறதுக்கு முன்னாடியே வெளியேறிட்டார். உடம்பும் குணமும் பண்ணின வேலைக்கு க்ளூசோ மேல ஏன் பழி போடறீங்க?

பழையரீல்:
உடல்நிலை உண்மைதான், மறுக்கவில்லை. ஆனால் மீண்டு எழ வழி தேடியபோது கையில் கிடைத்தது அதே தொப்பியும் மழைக்கோட்டும்தானே? 75, 76, 78 என மூன்று முறை அதையே போட்டார். வேறு வழி இல்லாததால் போட்டது கலை ஆகாது.

மாலைக்காட்சி:
ஏன் ஆகாது? முதல் பிங்க் பாந்தர் படத்துல க்ளூசோ கதாநாயகனே இல்ல. பெரிய பேரு டேவிட் நிவன். பீட்டர் உஸ்தினோவ் விலகினதால செல்லர்ஸ் உள்ள வந்தார். வந்து முழுப் படத்தையும் தன் பக்கம் இழுத்துட்டார். எப்படின்னு பாருங்க: உலக உருண்டையைச் சுத்திவிட்டு அது மேலயே சாயறார், விழறார். விழுந்தவன் முகத்துல வெட்கம் இருக்கணும் இல்லையா? இல்ல. ஒண்ணுமே நடக்காத மாதிரி எழுந்து விசாரணையைத் தொடர்றார். 'எ ஷாட் இன் த டார்க்' பில்லியர்ட்ஸ் அறைக் காட்சியும் அப்படித்தான். ஜார்ஜ் சாண்டர்ஸ் அசையாம நிக்கறார், இவர் அறையையே நாசம் பண்றார், ஆனா கௌரவம் ஒரு இஞ்ச் குறையல. சிரிப்பு விழறதுல இல்ல, விழுந்ததை ஒத்துக்காத அந்தப் பிடிவாதத்துல இருக்கு. இதைச் செய்ய ஸ்ட்ரேஞ்ச்லவ் அளவுக்கு நடிப்பு வேணும்.

வெம்ப்ளிவாசி:
நீங்கள் இரண்டு பேரும் க்ளூசோவையே சுத்திச் சுத்திக் கதைக்கிறியள். 1960 'தி மில்லியனரஸ்' படத்தில சோஃபியா லோரனுக்கு ஜோடியாய் இந்திய டாக்டர். 1968 'தி பார்ட்டி'யில ஹ்ருண்டி பக்‌ஷி. ரெண்டிலயும் முகத்தில மண்ணிற மை, வாயில அந்த உச்சரிப்பு. எனக்கு 'தி பார்ட்டி' பாக்க ஏலாது. இங்க பள்ளிக்கூடத்தில எங்களை அந்தக் குரலிலதான் நக்கலடிச்சவங்கள். 'குட்னஸ் கிரேஷியஸ் மீ' எண்டது 'மில்லியனரஸ்' காலத்தில செல்லர்ஸ் அந்தக் குரலில பாடின பாட்டு. 90களில பிரிட்டனில வாழுற தெற்காசியப் பிள்ளையள் அதே பெயரைத் தங்கட பிபிசி நகைச்சுவைத் தொடருக்கு வைச்சு, வெள்ளைக்காரரைப் பாத்துச் சிரிச்சவை. அதை நினைக்க எனக்கு இண்டைக்கும் பெருமைதான்.

மாலைக்காட்சி:
அந்த வலியை நான் மறுக்க மாட்டேன். இன்னைக்கு யாரும் அந்த மை பூசக் கூடாது, பூசவும் மாட்டாங்க. ஆனா 'தி பார்ட்டி'ல நாம பார்த்துச் சிரிக்கறது பக்‌ஷியையா? கூட்டத்திலேயே மரியாதை தெரிஞ்ச ஒரே ஆள் அவன்தான். அசிங்கப்படறது ஹாலிவுட் முதலாளிங்க.

வெம்ப்ளிவாசி:
நல்லவனாய்க் காட்டினதாலே மை அழிஞ்சுபோகாது. அந்த நல்லவனாய் நடிக்க ஒரு இந்தியனைக் கூப்பிட்டிருக்கலாம். சத்யஜித் ராய் 'தி ஏலியன்' எண்டு எழுதின கதையில மார்வாரி வியாபாரி வேடத்துக்கும் செல்லர்ஸைத்தான் யோசிச்சிருக்கினம். ராயே அப்பிடி யோசிச்ச காலம் அது எண்டு விளங்குது. விளங்கினாலும் எனக்குச் சிரிப்பு வராது.

பழையரீல்:
வெம்ப்ளிவாசி சொல்வதோடு முழுக்க உடன்படுகிறேன். என் பழைய கேள்விக்கு வருகிறேன். 1979 'பீயிங் தேர்'. தோட்டக்காரன் சான்ஸ். வாழ்நாள் முழுக்க ஒரே வீட்டுக்குள், தொலைக்காட்சியைத் தவிர வேறு உலகம் தெரியாதவன். முகத்தில் ஒரு தசைகூட வீணாக அசையாது. ஆஸ்கர் பரிந்துரை கிடைத்தது, அடுத்த ஜூலையில் 54 வயதில் இறந்துவிட்டார். அந்த நடிப்பைப் பார்க்கும்போதெல்லாம், இடையில் போன பத்துப் பதினைந்து வருடம் நெஞ்சை அறுக்கிறது.

மாலைக்காட்சி:
சார், 'பீயிங் தேர்' முதல்ல நாவலாத்தான் வந்துச்சு. அது வெளிவந்த நாள்லேர்ந்தே அந்த வேஷத்துக்கு அவர் அலைஞ்சார். யாரும் காசு போடத் தயாரா இல்ல. 75ல பிங்க் பாந்தர் திரும்ப ஓடினதாலதான் அவர் பேருக்கு மறுபடி விலை வந்துச்சு, 'பீயிங் தேர்' நடந்துச்சு. இன்னொண்ணும் சொல்றேன். சுத்தி என்ன நடந்தாலும் கலங்காத அந்த சான்ஸ் முகத்தை நான் முன்னாடியே பார்த்திருக்கேன். உலக உருண்டைலேர்ந்து விழுந்து எழுந்தவரோட முகம் அது.

பழையரீல்:
முகம் பற்றிய உங்கள் கருத்தை யோசிக்க வேண்டும். 'பீயிங் தேர்' மறுபடி பார்க்கப்போகிறேன். ஆனால் 1982ஐ மறக்காதீர்கள். அவர் இறந்த பிறகும், முன்பு வெட்டிப்போட்ட காட்சிகளை ஒட்டி 'ட்ரெய்ல் ஆஃப் த பிங்க் பாந்தர்' எடுத்தார்கள். அவருடைய மனைவி வழக்குப் போட்டு ஜெயித்தார்.

மாலைக்காட்சி:
அது தயாரிச்சவங்க செஞ்ச அநியாயம். அதுல உங்க கூடவே நிக்கறேன். ஆனா அந்தக் கணக்கை க்ளூசோ மேல எழுதாதீங்க.